விக்கி இருக்கிறது, விடை கிடைக்கவில்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆபீசில் விக்கி இருக்கிறது, அதாவது வேலை முறைகளை எழுதி வைக்கிற உள் இணையப் பக்கங்கள். ஷேர்டு டிரைவ், டிக்கெட் சிஸ்டம், சாட்டில் நாற்பது சேனல், எல்லாம் இருக்கிறது. அப்படியும் காலை பத்தரை மணிக்கு யாராவது எழுந்து நின்று, "இந்த கிளையன்டுக்கு ரீஃபண்டு எப்படிப் போடணும், யாருக்காவது தெரியுமா?" என்று கேட்கிறார். நான்கு பேர் நான்கு விதமாகப் பதில் சொல்கிறார்கள். ஐந்தாமவர், "அது விக்கியிலேயே இருக்கே" என்கிறார். தேடிப் பார்த்தால் வருவதில்லை.

நான் சப்போர்ட் டீமில் வேலை பார்த்துக்கொண்டே விக்கியையும் கவனித்துக்கொள்கிற ஆள். இந்தக் கூடுதல் பொறுப்புக்குத் தனிச் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தனியாக உண்டு. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. உங்கள் இடத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ அதற்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன்னால் அரை நாள் வேலை ஒன்று இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு எடுங்கள்

கடந்த இரண்டு வாரத்தில் சாட்டில் வந்த "எப்படி", "எங்கே", "யாரிடம்" கேள்விகளில் ஐம்பதை ஒரு ஷீட்டில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து.

அ: விடை எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை.
ஆ: எழுதியிருக்கிறது, தேடியவருக்குக் கிடைக்கவில்லை.
இ: கிடைத்தது, ஆனால் தப்பு அல்லது பழசு.
ஈ: கிடைத்தது, சரியாகவும் இருந்தது, ஆனாலும் ஆளிடம்தான் கேட்டார்.

மேனேஜரிடம் கேட்டால் 'அ'தான் அதிகம் இருக்கும் என்பார். எல்லோரையும் உட்கார்ந்து எழுதச் சொல்லலாம் என்பார். நான் இந்தக் கணக்கை எடுத்த ஒவ்வொரு முறையும் 'ஆ'வும் 'இ'யும்தான் முன்னால் வந்தன. எழுதாதது பிரச்சினையே இல்லாத இடத்தில் இன்னும் நூறு பக்கம் எழுதிச் சேர்த்தால், தேடுகிறவருக்குக் குப்பைதான் கூடும்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர், "டூலை மாத்திடலாம் சார்" என்பார். வேண்டாம். வீடு மாறும்போது பழைய பேப்பர்க் கட்டையும் சேர்த்து லாரியில் ஏற்றுகிற கதைதான் அது. புது டூலுக்குப் போனாலும் 'ஆ'வும் 'இ'யும் கூடவே வந்துவிடும். சுத்தம் செய்த பிறகும் டூல் சரியில்லை என்று தோன்றினால் அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

அறிகுறி: பக்கம் இருக்கிறது, தேடினால் வருவதில்லை

கேள்வி கேட்டவர் சாட்டில் என்ன சொல்லைப் போட்டாரோ, அதே சொல்லைத் தேடல் பெட்டியில் போட்டுப் பாருங்கள். உங்கள் சொல்லைப் போடாதீர்கள். எங்கள் விக்கியில் ஒரு பக்கத்தின் தலைப்பு "பேமென்ட் கேட்வே ரிவர்சல் நடைமுறை, பதிப்பு 3". போன் பண்ணுகிற வாடிக்கையாளர் சொல்வது "காசு ரெண்டு தடவை போயிடுச்சு". அதைக் கேட்டுக்கொண்டே சப்போர்ட்டில் இருக்கும் பையன் டைப் அடிப்பது "டபுள் டெபிட்". அந்தப் பக்கத்தில் 'டபுள்' என்ற சொல்லே கிடையாது. பக்கத்தை எழுதியவர் கேட்வே பக்கத்து எஞ்சினியர். அவருக்கு அது ரிவர்சல், வேறு எதுவும் இல்லை.

தலைப்பை மாற்றச் சண்டை போட வேண்டாம். முதல் வரியில் இப்படிச் சேர்த்துவிடுங்கள்: "டபுள் டெபிட், இரண்டு முறை பணம் பிடித்தது, ரீஃபண்டு வரவில்லை: எல்லாவற்றுக்கும் இந்தப் பக்கம்தான்." கேசிஎஸ் என்ற சப்போர்ட் நடைமுறை 1992 முதல் வளர்ந்து வந்திருக்கிறது. பிரச்சினையை வாடிக்கையாளரின் வார்த்தையிலேயே பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. எரர் மெசேஜ் என்றால் எழுத்து மாறாமல் முழுதாக ஒட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போட்டால் கண்ணுக்குத் தெரியும், பல தேடல்களுக்குத் தெரியாது.

சொல் சரியாக இருந்தும் வரவில்லையா? அனுமதியைப் பாருங்கள். உங்கள் லாகினில் தேடிப் பயனில்லை, நீங்கள் அட்மின். நேற்றுச் சேர்ந்தவரின் லாகினில் தேடுங்கள். விக்கி டூல் கன்ஃப்ளூயன்ஸ் ஆனாலும் ஷேர்பாயின்ட் ஆனாலும், பார்க்க அனுமதி இல்லாத பக்கத்தைத் தேடல் முடிவில் காட்டாது. "இல்லை" என்பதும் "உனக்கு இல்லை" என்பதும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

அடுத்தது ஸ்கேன் செய்த பிடிஎஃப். மவுஸை இழுத்து ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எழுத்து பிடிபடவில்லை என்றால் அது வெறும் போட்டோ. ஓசிஆர் (படத்திலிருக்கும் எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்) ஓட்டிப் பதிவேற்றுங்கள்.

தமிழில் ஆவணம் வைத்திருக்கிற இடம் என்றால், அதாவது மில், ஆஸ்பத்திரி, கூட்டுறவு சங்கம், அச்சகம் என்றால், இன்னும் இரண்டு சிக்கல் உண்டு. டூல் விற்க வருகிறவர் இவற்றைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

ஒன்று பழைய ஃபான்ட். பாமினியில் அடித்த ஃபைல் திறந்தால் நல்ல தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. 'அம்மா' என்பது அங்கே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். யூனிகோடில் 'அம்மா' என்று ஆயிரம் முறை தேடினாலும் அது மாட்டாது. ஒரு வரியை எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடு, டேஸ் 16 என்ற இரண்டு எழுத்துக் குறியாக்கங்களைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் அதற்கு முந்தைய ஃபைல்களும், பழக்கத்தை விடாதவர்கள் அதற்குப் பிறகு அடித்த ஃபைல்களும் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. கன்வெர்ட்டர் கிடைக்கிறது, மாற்றிவிடலாம். ஒரே எச்சரிக்கை: நடுவில் ஆங்கிலச் சொல் கலந்த ஃபைலை மொத்தமாக எடுத்து கன்வெர்ட்டரில் ஒட்டினால், அந்த ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கி உளற வைத்துவிடும். பார்ட் நம்பர், கம்பெனி பெயர் எல்லாம் போய்விடும். மாற்றியதும் அவற்றைக் கண்ணால் பாருங்கள். மூல ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று வேற்றுமை உருபு. ஆவணத்தில் 'இயந்திரத்தை', 'இயந்திரத்தில்' என்று இருக்கும். தேடுகிறவர் 'இயந்திரம்' என்று அடிப்பார். சொல்லின் அடியை வெட்டிப் பார்க்கத் தெரியாத தேடலுக்கு இவை மூன்றும் வேறு வேறு சொல். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்தே தமிழுக்கு இந்த வசதி உண்டு. ஆனால் தமிழ் என்று தேர்ந்தெடுத்து வைத்தால்தான் வேலை செய்யும். உங்கள் டூலில் அது இல்லை என்றால், 'ம்'மை விட்டுவிட்டு 'இயந்திர' என்று அடித்து நட்சத்திரக் குறி போடச் சொல்லிக்கொடுங்கள். 'இயந்திரம்' என்று முழுதாக அடித்து நட்சத்திரம் போட்டால் 'இயந்திரத்தை' வராது. சின்ன விஷயம்தான். எங்களுக்குத் தெரிந்த ஒரு மில்லில் இதை ஒரு அட்டையில் எழுதி கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள், அது போதுமாக இருக்கிறது.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, பக்கத்தை எழுதாத ஒருவரிடம் அதே கேள்வியைக் கொடுங்கள். ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டால் முடிந்தது.

அறிகுறி: ஐந்து பக்கம் வருகிறது, எது சரியென்று தெரியவில்லை

"ஃபைனல்", "ஃபைனல் நியூ", "ஃபைனல் நியூ கரெக்டட்". உங்களுக்கே தெரியும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், மற்றதை அழிக்காதீர்கள். அழித்தால் பழைய டிக்கெட்டில் இருக்கிற லிங்க் எல்லாம் செத்துப்போகும். யாராவது தன் லேப்டாப்பில் இருக்கிற பழைய பிரதியை அக்கறையோடு மறுபடி ஏற்றியும் விடுவார். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, "இது இப்போது இங்கே இருக்கிறது" என்று ஒரு வரியும் லிங்க்கும் வைத்து ஆர்க்கைவ் செய்யுங்கள். எச்ஆர் லீவு விதியைத் தங்கள் டீம் பக்கத்தில் காப்பி எடுத்து வைத்திருக்கும் டீம்களை மட்டும் கொஞ்சம் மிரட்டியே ஆக வேண்டும். அங்கே லிங்க் இருக்கலாம், காப்பி கூடாது.

அறிகுறி: பக்கம் சொன்னபடி செய்தால் வேலை நடப்பதில்லை

முன்பு நான் இருந்த ஓரிடத்தில் இரவு இரண்டு மணிக்கு சைட்டின் பாதுகாப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதியாகி, சைட் படுத்துவிட்டது. புதுப்பிக்கும் முறை விக்கியில் இருந்தது, அழகாகப் படம் எல்லாம் போட்டு. நான்காவது படி ஒரு சர்வருக்குள் போகச் சொன்னது. அந்த சர்வரை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. பக்கத்தைக் கடைசியாகத் திருத்தியவரின் பெயரைப் பார்த்து போன் அடித்தேன். அவர் வேலையை விட்டுப் போய் அரை வருடம். தூக்கக் கலக்கத்தில் எடுத்து, திட்டாமல் சொல்லிக்கொடுத்தார். அவர் புண்ணியத்தில் காலைக்குள் சைட் வந்தது.

அன்றைக்குப் பக்கத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருந்திருந்தால், சர்வரை நிறுத்தியபோதே திருத்தியிருப்பார். ஆக, முதல் வேலை சொந்தக்காரர் பெயர். 'டீம்' என்று போட்டால் யாரும் இல்லை என்று அர்த்தம், ஆள் பெயரைப் போடுங்கள். அவர் போகும்போது கைமாற்ற வேண்டிய பக்கங்களின் பட்டியல் எச்ஆரின் எக்ஸிட் ஃபாரத்திலேயே வந்துவிட வேண்டும், லேப்டாப், ஐடி கார்டு மாதிரி.

இரண்டாவது, மறுபார்வைத் தேதி. இதில் எல்லோரும் செய்கிற தப்பு, தொள்ளாயிரம் பக்கத்துக்கும் ஆறு மாத ரிமைண்டர் வைப்பது. என்ன நடக்கும் என்றால், எல்லோரும் படிக்காமலே "சரிபார்த்தேன்" பட்டனை அமுக்குவார்கள். பழசான பக்கத்துக்குப் புதுத் தேதி கிடைத்துவிடும், நிலைமை முன்னைவிட மோசம். தப்பாக இருந்தால் பணமோ சர்வரோ போகும் என்கிற முப்பது பக்கத்தை மட்டும் எடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை. மற்றதைப் பயன்படுத்துகிறவர்கள் அந்த நேரத்திலேயே திருத்தட்டும். அதற்குத் திருத்தும் அனுமதி வேண்டும். "தப்பு இருக்கிறது என்று மெயில் போடுங்கள்" என்றால் யாரும் போட மாட்டார்கள்.

அந்த முப்பதிலும் படித்துச் சரிபார்ப்பது போதாது, ஓட்டிப் பார்க்க வேண்டும். மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் கிட்லாப் என்ற சேவையில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது நல்ல உதாரணம், அவர்களே விவரமாக வெளியிட்டார்கள். ஒரு எஞ்சினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார், ஏறக்குறைய 300 ஜிபி. பேக்கப்புக்குப் பல வழிகள் வைத்திருந்தார்கள். டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பாக ஓடியது, அதனால் அந்த பேக்கப் எடுக்கப்படவே இல்லை. "தோல்வி" என்று போன மெயில்களும் நிராகரிக்கப்பட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்) காப்பாற்றியது. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்த இடம்.

அறிகுறி: ஒருவருக்குத்தான் தெரியும், அவர் பேப்பர் போட்டுவிட்டார்

ஐடியில் இதற்குப் பெயர் கேடி. காவல் நிலையத்துக் கேடி இல்லை, நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். வழக்கமாக நடப்பது இது: நோட்டீஸ் பீரியடில் முக்கால்வாசி, பாதியில் நிற்கிற வேலையை முடிக்கவே போய்விடும். கடைசி வாரம் ஆறு மீட்டிங், ஒரு மணி நேரம் ஒவ்வொன்றும், ரெக்கார்டிங்குடன். அந்த ரெக்கார்டிங்கை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் தேவையானது அதில் இருக்காது. காரணம், அவருக்குத் தெரிந்ததில் பாதி தனக்குத் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது.

இதற்கு அமெரிக்காவில் கிட்டத்தட்ட நம்ப முடியாத ஒரு கேஸ் உண்டு. டபிள்யூ76 என்ற அணு ஆயுதத்தில் 'ஃபாக்பேங்க்' என்று ஒரு பொருள் சேர்கிறது. டென்னசியில் ஓக் ரிட்ஜில் தயாரித்து, பிறகு நிறுத்திவிட்டார்கள். ஆயுதங்களின் ஆயுளை நீட்டிக்க மறுபடி தேவைப்பட்டபோது செய்யத் தெரியவில்லை. பதிவுகள் குறைவு, செய்தவர்கள் ஓய்வு பெற்றோ விலகியோ போயிருந்தார்கள். இதை 2009இல் அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் அறிக்கையிலேயே எழுதியது. புதிதாகக் கூடம் கட்டித் தயாரித்தும் பொருள் சரியாக வரவில்லை. கடைசியில் தெரிந்தது: பழைய முறையில் மூலப்பொருளோடு வந்த ஒரு மாசுதான் அதைச் சரியாக வரவைத்திருக்கிறது. புது முறையில் நன்றாகச் சுத்தம் செய்ததில் அது போய்விட்டது. அந்த மாசைப் பற்றிப் பழைய ஆட்களுக்கே தெரியாது. அவர்களை உட்கார வைத்து எத்தனை மணி நேரம் கேடி எடுத்திருந்தாலும் அது வாயில் வந்திருக்காது.

அதனால் தலைகீழாகச் செய்யுங்கள். நோட்டீஸ் கொடுத்த அன்றே அவர் கையிலிருந்து வேலையை எடுத்துவிடுங்கள். புதியவர் செய்யட்டும், விலகுகிறவர் கீபோர்டைத் தொடாமல் பக்கத்தில் உட்காரட்டும். எழுதுவதும் புதியவர்தான். எங்கள் அக்கவுன்ட்ஸில் மாதக் கடைசி வேலை கைமாறியபோது நான் கூட இருந்தேன். புதுப் பையன் ஃபைலைத் திறந்து தேதியைப் போட்டதும் பெரியவர், "ஐயோ, அப்படிப் போடாத தம்பி" என்றார்.

"ஏன்ணே?"

"முப்பத்தொண்ணு ஞாயித்துக்கிழமை. பேங்க் ஃபைல் திங்கள்தான் வரும். வெள்ளிக்கிழமைத் தேதி போட்டு எடுத்துரு, திங்கள் திரும்ப ஓட்டு."

பத்து வருடமாக அவர் செய்வது. அவர் எழுதிக் கொடுத்த நான்கு பக்க ஆவணத்தில் அது இல்லை. கேட்டால், "அது எல்லாருக்கும் தெரியுமே" என்றார். அந்த "ஐயோ"க்களைத்தான் எழுத வேண்டும். ஒரு சுற்று முழுவதும் "ஐயோ" வராமல் முடிந்தால் கைமாற்றம் முடிந்தது.

ஆள் ஏற்கெனவே போய்விட்டாரா? அவருடைய காலண்டரில் திரும்பத் திரும்ப வரும் ரிமைண்டர்களை எடுங்கள். விக்கியைவிட அது நேர்மையான ஆவணம், என்ன வேலையை எப்போது செய்தார் என்று சொல்லிவிடும். அப்புறம் அவர் மூடிய டிக்கெட்டுகள், அவருடைய ஸ்கிரிப்ட் ஃபோல்டர். தேவைப்பட்டால் மணிக்கு இவ்வளவு என்று பேசி அவரையே கூப்பிடுங்கள், சும்மா வரச் சொல்லாதீர்கள். மேனேஜர் பணம் தர யோசித்தால், உங்கள் கம்பெனி ஐஎஸ்ஓ 9001 தரச் சான்றிதழ் வாங்கியது என்றால், 2015 பதிப்பின் 7.1.6 பிரிவைக் காட்டுங்கள். வேலைக்குத் தேவையான அறிவை நிறுவனம் கண்டறிந்து பேணிக்காக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஆடிட் என்று சொன்னால் கதவு திறக்கும்.

அறிகுறி: யாரும் எழுதுவதில்லை

உங்கள் டெம்ப்ளேட்டில் எத்தனை கட்டம் என்று எண்ணுங்கள். 1995இல் வார்ட் கன்னிங்ஹாம் முதல் விக்கியைத் தொடங்கியபோது ஹவாய் மொழியில் 'சீக்கிரம்' என்று பொருள்படும் சொல்லைத்தான் அதற்குப் பெயராக எடுத்தார். பதினான்கு கட்டமும் இரண்டு அப்ரூவலும் வைத்துவிட்டு அதை விக்கி என்று கூப்பிடுவது கொஞ்சம் ஓவர். மூன்று வரி போதும்: என்ன அறிகுறி, என்ன காரணம், என்ன செய்தேன். டிக்கெட்டை மூடுவதற்கு முன், சூடு ஆறாமல். நாளைக்கு எழுதுகிறேன் என்பவர் எழுத மாட்டார்.

கிஃப்ட் வவுச்சர் திட்டம் வேண்டாம். நான் பார்த்த ஒரு இடத்தில் பக்கத்துக்கு இவ்வளவு பாயின்ட் என்றதும், பத்துப் படி கொண்ட ஒரே பக்கம் பத்துப் பக்கமாகிவிட்டது. ஜெராக்ஸ் கம்பெனியில் இதற்கு வேறு விடை கிடைத்தது. 1980களில் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் காப்பியர் ரிப்பேர் ஆட்களோடு சுற்றிப் பார்த்தார். மேனுவலைவிட, சேர்ந்து சாப்பிடும்போது பேசுகிற கதைகளில்தான் அவர்கள் வேலை கற்கிறார்கள் என்று கண்டார். பிறகு வந்த யுரேகா என்ற அமைப்பில், ஆட்கள் தாங்கள் கண்டுபிடித்த குறிப்பை அனுப்புவார்கள், அனுபவமுள்ள மற்ற ஆட்கள் அதைச் சோதிப்பார்கள், தேறினால் எழுதியவரின் பெயரோடு எல்லோருக்கும் போகும். அந்தப் பெயர்தான் பரிசு. உங்கள் விக்கியில் எழுதியவர் பெயர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறதா, பாருங்கள்.

அறிகுறி: விடை சாட்டில் எங்கேயோ இருந்தது, இப்போது இல்லை

ஸ்லாக் என்ற சாட் டூலின் இலவசத் திட்டம் என்றால், 2022 செப்டம்பர் முதல் கடைசி 90 நாள்தான் தெரியும். 2024 ஆகஸ்ட்டிலிருந்து ஒரு வருடத்துக்கு மேற்பட்டதை அழித்தும் விடுகிறார்கள். காசு கட்டுங்கள், அல்லது நல்ல பதில் வந்த த்ரெட்டில் ஓர் இமோஜியைப் போட்டு, வெள்ளிக்கிழமைதோறும் இமோஜி போட்டதை எல்லாம் ஒருவர் விக்கிக்கு மாற்றட்டும். முறை வைத்துக்கொள்ளுங்கள், ஒரே ஆள் தலையில் கட்டாதீர்கள்.

அறிகுறி: முடிவு தெரிகிறது, ஏன் என்று தெரியவில்லை

"இந்த வென்டரை ஏன் எடுத்தோம்?", "ஏன் இரண்டு டேட்டாபேஸ்?" இதற்கு மென்பொருள் ஆட்களிடம் ஏடிஆர் (முடிவுகளைப் பதிவு செய்யும் குறிப்பு) என்ற வழக்கம் இருக்கிறது, மைக்கேல் நைகார்ட் 2011இல் எழுதிப் பரவியது. முடிவு எடுத்த அன்றைக்கே அரைப் பக்கம்: நிலைமை என்ன, என்ன முடிவு செய்தோம், அதனால் என்ன விளைவு. வரிசை எண் போட்டு வையுங்கள். பின்னால் முடிவு மாறினால் பழையதை அழிக்காமல், "இது 17ஆம் எண்ணால் மாற்றப்பட்டது" என்று எழுதினால் போதும். பர்ச்சேஸ் டிபார்ட்மென்டுக்கும் இது அப்படியே பொருந்தும்.

அறிகுறி: ஏஐ பாட் தெம்பாகத் தப்பு சொல்கிறது

அது எந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொன்னது என்று பாருங்கள். பக்கத்திலேயே தப்பு என்றால் பாட்டைத் திட்டிப் பயனில்லை, பக்கத்தைத் திருத்துங்கள். இரண்டு பக்கத்தைக் கலந்து சொல்லியிருந்தால் "ஃபைனல் நியூ" வியாதி. மூலமே காட்டவில்லை என்றால், மூலம் இல்லாமல் பதில் சொல்லாதபடி செட்டிங்கை மாற்றச் சொல்லுங்கள்.

பாட்டை ஆன் செய்வதற்கு முன், "எல்லோரும் பார்க்கலாம்" என்று பகிர்ந்த ஃபைல்களின் பட்டியலை எடுத்தே ஆக வேண்டும். ஏதோ அவசரத்தில் அப்படிப் பகிர்ந்த சம்பள ஷீட் இத்தனை வருடமாக யார் கண்ணிலும் படாமல் இருந்தது, யாரும் தேடாததால். பாட் தேடும்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் ஆளிடம்தான் கேட்கிறார்கள்

இதுதான் 'ஈ'. லிங்க்கை மட்டும் தூக்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்க்காதீர்கள். அவர் பெரும்பாலும் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பார், ஏதோ ஒரு வரி புரிந்திருக்காது, அல்லது அமுக்கினால் என்ன ஆகுமோ என்று பயந்திருப்பார். எந்த வரி என்று கேளுங்கள். அவர் உங்கள் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போதே பக்கத்தைத் திறந்து, அந்த வரியை அவரையே மாற்றி எழுதச் சொல்லுங்கள்.